அண்ணிக்கு அளவெடுத்த துப்பாக்கி

மேற்குக் கரை மீன்பிடி முகாம், கோடியாக் தீவு
1993 செப்டம்பர் 2

மத்ரோனா,

உனக்கு எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். உன் அண்ணனோட நாப்பதாம் நாள் விருந்துல, பாதிரியார் உட்பட அத்தனை பேர் முன்னாடி நீ சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. "படகுல இவளும் ஏறியிருந்தா என் அண்ணன் இன்னிக்கு உயிரோட இருப்பான்." அன்னிக்கு நான் பதில் சொல்லலை. இப்பவும் சொல்ல எழுதலை. இது வேற விஷயம்.

உன் அண்ணன் துப்பாக்கிக்குப் புதுசா ஒரு தோள்கட்டை வேணும். இங்க இருக்கறது அந்த ஒரே துப்பாக்கிதான், எல்லாத்துக்கும். வாத்துக்கு நீளக் குழல், கரடிக்குக் குட்டைக் குழல். குழலை மாத்த எனக்குத் தெரியும். என் கையை மாத்த முடியுமா? உன் அண்ணன் எமெலியான் எவ்வளவு உயரம்னு உனக்குத் தெரியும். அவருக்கு வச்ச கட்டை எனக்குத் தோள்ல நிக்காம அக்குளுக்குள்ள போகுது. போன வாரம் தகர டப்பாவைக் குறி வச்சு ஒரு தடவை சுட்டேன். டப்பா அப்படியே இருக்கு. என் தோள் கத்திரிக்காய் நிறத்துல இருக்கு.

ரேடியோவுல பக்கத்து முகாம் ஐவார்கிட்ட கேட்டிருக்கலாம். கேட்டா இந்தக் கரை முழுக்கக் கேக்கும். இப்பவே "உஸ்தீனியா, கரடியை நீ அடிப்பியா, துப்பாக்கி உன்னை அடிக்குமா"ன்னு அவன் பாடிட்டிருக்கான். அதான் கடிதம். கடை இருக்கற ஊர்ல நீ ஒருத்திதான் எனக்குத் தெரிஞ்சவ.

குளிர்காலத்துக்கு நான் இங்கயே இருக்கப் போறேன். புகைக்குடில் நிறைய மீன் தொங்குது. அதுதான் என் குளிர்காலம். கரடி வந்தா நிறுத்த ஒரு துப்பாக்கி வேணும். அது என் தோள்ல நிக்கணும். அவ்வளவுதான்.

உஸ்தீனியா


ஆங்கரேஜ்
1993 செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணி,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். தோள்கட்டை கேட்டிருக்கிறீர்கள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விருந்தில் நான் சொன்னதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் விளக்கம் சொல்லும் சாக்கில் அதையே மறுபடியும் சொல்லியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேளுங்கள். நீங்கள் ஏன் அங்கே தனியாக இருக்க வேண்டும்? என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். இங்கே கோவில் இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். முகாமை இந்தக் குளிருக்குப் பூட்டிவிட்டு வாருங்கள். உங்களுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பது, நீங்கள் அங்கேயே இருந்து கஷ்டப்படுவதற்கு நானே கை கொடுப்பது போல் இருக்கிறது.

நீங்கள் கேட்க மாட்டீர்கள். தெரியும். அதனால் அளவு வேண்டும். மருத்துவமனையில் தினமும் ஆட்களுக்கு ஊன்றுகோல் அளவெடுப்பதுதான் என் வேலை. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அளந்து பாருங்கள், ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் சுடப்போகிறீர்கள். வலது முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை எவ்வளவு? துப்பாக்கியை முகத்தோடு வைத்தால் கன்னம் கட்டையில் பதிகிறதா, கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறதா? தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் முன்பிடியில் இடது கை எங்கே எட்டுகிறது?

கடையில் மரமும் இருக்கிறது, கறுப்பு பிளாஸ்டிக்கும் இருக்கிறது. வால்நட் மரமாகவே பார்க்கட்டுமா? அண்ணனுடையது அதுதானே. பழைய கட்டையை நீங்கள் கழற்றிய பிறகு எனக்குத் தருவீர்களா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மத்ரோனா


மேற்குக் கரை முகாம்
1993 செப்டம்பர் 19

மத்ரோனா,

அறை வேண்டாம். ஜன்னலும் வேண்டாம். இங்க கதவைத் திறந்தாலே கடல்.

மரம் வேண்டாம். நீ இங்க ஒரு குளிர்காலம் இருந்து பாக்கலை. உப்பு மழையில மரம் ஊதிக்கும், வெயில் வந்தா சுருங்கி ஆடும். உன் அண்ணன் வருஷா வருஷம் எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சுதான் அதைக் காப்பாத்தினார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பிளாஸ்டிக் அனுப்பு. அசிங்கமா இருந்தாப் பரவாயில்லை. தோள்ல நல்ல தடிமனா ரப்பர் இருக்கணும்.

அங்குலக் கோல் கிடைக்கலை. வலை நூல்ல அளந்து நூலையே உறைக்குள்ள வச்சிருக்கேன். தனியா அளக்கறது எவ்வளவு கூத்துன்னு உனக்குத் தெரியாது. ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அளந்தேன். நாய் பாத்துட்டு வெளிய போயிடுச்சு. நூலோட நுனிதான் முழங்கை மடிப்பு. முதல் முடிச்சு விரல் கணு. ரெண்டாவது முடிச்சு, தோள்லேருந்து இடது கை சிரமமில்லாம எட்டற இடம். முன்பிடியோட பின்னோரம்தான் எட்டுது, அதுவும் நுனி விரல்தான். இழுத்துத் தோட்டா ஏத்தணும்னா உடம்பையே முன்னால சாய்க்கணும். கன்னம் பதியுது, அதுல குறை இல்லை.

பழைய கட்டையைக் கேட்டிருக்கே. அவர் கன்னம் பட்ட இடத்துல மெழுகு மாதிரி பளபளன்னு இருக்கு. தரேன். ஆனா கேட்டதும் கோபம் வந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

சீக்கிரம் அனுப்பு. ஓடைக்குப் பக்கத்துல தடம் பாத்தேன். என் ரெண்டு பாதத்தையும் சேத்து வைக்கலாம்.

உஸ்தீனியா


ஆங்கரேஜ்
1993 செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணி,

பொட்டலம் இதே விமானத்தில் வருகிறது. தோள்கட்டையும் முன்பிடியும் இருக்கின்றன. இரண்டும் கறுப்பு. ஆமாம், அசிங்கம்தான்.

கடைக்காரர் பெரிய வாய்க்காரர். உங்கள் நூலை மேசைமேல் விரித்ததும், "என்னம்மா, துப்பாக்கி வாங்க வந்தியா, வலை பின்ன வந்தியா?" என்றார்.

"கரடிக்குத்தான்," என்றேன்.

"கரடிக்கு ஸ்வெட்டரா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை என்று தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் மடக்கும் இரும்புக் கட்டை ஒன்றைக் காட்டினார். பார்க்கப் பயங்கரமாக இருந்தது. "இது சினிமாவுக்கு நல்லாருக்கும், கன்னத்துக்கு நல்லாருக்காது," என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். பிறகு தோள்கட்டையே இல்லாத வெறும் கைப்பிடி. கனத்த தோட்டா போட்டால் அது மணிக்கட்டை முறிக்கும் என்று எனக்கே தெரியும், வேண்டாம் என்றேன். கடைசியில், சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் என்று செய்த குட்டைக் கட்டை. உங்கள் முதல் முடிச்சை வைத்துப் பார்த்தோம். விரல் அகலம்கூட வித்தியாசமில்லை. பின்னால் ரப்பர், கட்டைவிரல் தடிமனுக்கு.

முன்பிடியைப் பற்றி நானேதான் யோசித்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது முடிச்சு பழைய முன்பிடிக்குப் போதவில்லையே. நோயாளிக்கு உயரத்தைச் சரிசெய்துவிட்டுக் கைப்பிடியை அப்படியே விட்டால் ஊன்றுகோல் பயன்படாது. அதனால் பின்பக்கம் நீண்டு வரும் முன்பிடியாக எடுத்தேன். இனி நீங்கள் சாய வேண்டாம். "நீளமானது இழுக்கும்போது துப்பாக்கியோட உடம்பு மேல ஏறி வரும். பக்கத்துல ஏதாவது மாட்டியிருக்காங்களா?" என்று அவர் கேட்டார். "இல்லை. அது என் அண்ணன் துப்பாக்கி. எனக்கு அதில்தான் சுடக் கற்றுக்கொடுத்தான்," என்றேன்.

நீண்ட திருப்புளி வேண்டும். ரப்பரைக் கழற்றினால் உள்ளே ஆழத்தில் திருகு தெரியும். முன்பிடிக்கு ஐவாரைக் கூப்பிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மத்ரோனா


மேற்குக் கரை முகாம்
1993 அக்டோபர் 24

மத்ரோனா,

குளிர்காலம் போச்சு.

தோள்கட்டை நல்லாத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லிடறேன். எனக்குன்னே பொறந்த மாதிரி உட்கார்ந்துச்சு. முன்பிடியையும் நானே மாட்டினேன், ஐவாரைக் கூப்பிடலை. மாட்டிட்டு காலியா இழுத்துப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி வந்துச்சு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதுக்கப்புறம் பக்கத் தட்டைத் திருகி, அதுல தோட்டா செருகி, கதவோரத்துல மாட்டி வச்சேன்.

பக்கத் தட்டு எதுன்னு கேப்பே. உனக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியாது. துப்பாக்கியோட இடது பக்கத்துல உன் அண்ணன் ஒரு தட்டு திருகியிருந்தார். கரடித் தோட்டாவை அதுல செருகி வைக்கறது. அவர் கடலுக்குப் போனா நான் டப்பாவைத் தேடிட்டு நிக்கக் கூடாதுன்னு, கல்யாணமான அடுத்த வருஷமே போட்டார். துடைக்கறதுக்காகக் கழட்டி வச்சிருந்தேன். எங்களுக்கு அது துப்பாக்கியோட மூக்கு மாதிரி. யாராவது "துப்பாக்கிக்கு மூக்கு இருக்கு"ன்னு எழுதுவாங்களா?

காலையில டீ போட்டுட்டிருந்தேன். நாய் குரைக்கலை, முனகிச்சு. கதவைத் திறந்தா புகைக்குடில் சுவர்ல பாதி இல்லை. கரடி உள்ள உட்கார்ந்து நிதானமா, ஏதோ தானே புகை போட்டு வச்ச மீன் மாதிரி தின்னுட்டிருக்கு. துப்பாக்கியை எடுத்தேன். தோள்ல வச்சேன். முன்பிடியை இழுத்தேன். பாதியில தட்டுல முட்டி நின்னுச்சு. திரும்ப இழுத்தேன். நின்னுச்சு. தோட்டா ஏறவே இல்லை. கரடி தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு. பாத்துட்டு மறுபடி தின்ன ஆரம்பிச்சுது. அதுக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு.

சட்டியைத் தட்டினேன், கத்தினேன். வயிறு நிறைஞ்சதும் அதுவா போச்சு. ஒரு வரிசை மீன்கூட மிச்சமில்லை.

ஐவார் வந்து பாத்துட்டு ரம்பத்தை எடுத்து முன்பிடியோட பின்னால ரெண்டு விரல்கடை அறுத்தான். அவ்வளவுதான். இப்ப முழுசா வருது. அவன் சிரிக்கலை. சிரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

நீ வேணும்னே செஞ்சியோன்னு ஒரு நாள் முழுக்க நினைச்சேன். பூட்டிட்டு வா, வான்னு எழுதினவ நீதானே. அப்புறம் அந்த நினைப்பு போயிடுச்சு. ஆனா வந்ததைச் சொல்லாம விட்டா அது உள்ளயே இருக்கும்.

இன்னொண்ணு. இதை உனக்குச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். முன்பிடி வராம அங்க நின்னப்போ எனக்குக் கரடி நினைப்பு இல்லை. நீ விருந்துல சொன்னதுதான் நினைப்புல வந்துச்சு.

அன்னிக்கு நான் ஏன் படகுல ஏறலைன்னு நீ கேக்கவே இல்லை. யாருமே கேக்கலை. முதல் மீன் அப்பதான் குடில்ல ஏறியிருந்தது. ராத்திரி கரடி வந்து சுவரைச் சொறிஞ்சுட்டுப் போயிருந்துச்சு. "நீ இருந்து பாத்துக்க, நான் வலையை மட்டும் பாத்துட்டு வரேன்"னார். "இந்தத் துப்பாக்கி எனக்கு எட்டாதே"ன்னேன். "வந்து உன் அளவுக்கு அறுத்துத் தரேண்டி, அதுக்குள்ள கரடிகிட்ட வாயால பேசிட்டிரு, உன் வாய்க்கு அது ஓடிடும்"னுட்டுப் போனார். மோட்டார்ல வலை சிக்கினப்போ பிடிக்க இன்னொரு கை இல்லை. அந்தக் கை இங்க, எட்டாத துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு.

அதான் உன்கிட்ட கட்டை கேட்டேன். மீனுக்காக மட்டும் கேக்கலை.

முகாமைப் பூட்டறேன். ஊர்ல பரஸ்கோவியா சித்தி வீட்டுல இருப்பேன். ஆங்கரேஜுக்கு வர மாட்டேன்.

உஸ்தீனியா


ஆங்கரேஜ்
1993 நவம்பர் 6

அண்ணி,

உங்கள் கடிதம் என் மேசையில் திறந்தபடியே கிடக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், அது அங்கேயே இருக்கிறது.

பக்கத்தில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று அந்த மனிதர் தெளிவாகக் கேட்டார். உங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் போதும். அடுத்த விமானத்தில் பதில் வந்திருக்கும். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது எது? நான் பள்ளி விடுமுறையில் இருந்தபோது கடற்கரையில் என் தோளுக்குப் பின்னால் நின்று அவன் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த துப்பாக்கி. அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்தத் துப்பாக்கிக்குத்தான் நான் முன்பிடி வாங்கினேன். அதற்குப் பிறகு அவன் உங்களுக்காகத் திருகி வைத்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

விருந்தில் நான் பேசியதும் இப்படித்தான். கரையில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்காமல், எனக்குத் தெரிந்த என் அண்ணனை வைத்துப் பேசினேன். அவன் ஏன் தனியாகப் போனான் என்று உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். கேட்பதற்குப் பதிலாகத் தீர்ப்புச் சொன்னேன்.

நீங்கள் நகரத்துக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மை. முகாம் பூட்டியதைப் படித்ததும் ஒரு நொடி நிம்மதி வந்ததும் உண்மை. அந்த ஒரு நொடிக்காக இப்போது என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

பழைய கட்டையை அனுப்ப வேண்டாம். அது உங்களுடையது. நான் கேட்டிருக்கக் கூடாது.

மன்னியுங்கள் என்று எழுதப்போனேன். காகிதத்தில் அது ரொம்பச் சுலபமாக இருந்தது. அதனால் நிறுத்திவிட்டேன்.

மத்ரோனா


கோடியாக் தீவு, ஊரிலிருந்து
1994 ஜனவரி 12

மத்ரோனா,

ஏழாம் தேதி நம்ம கிறிஸ்துமஸுக்குக் கம்புல நட்சத்திரத்தைச் சுத்திப் பாடிக்கிட்டு எல்லா வீட்டுக்கும் போனோம். பரஸ்கோவியா சித்தி வீட்டு மீன் பணியாரம் தீஞ்சுபோச்சு. சித்தி என்னைத்தான் திட்டறா, அடுப்புக்குப் பக்கத்துல நான் உட்கார்ந்திருந்தேனாம். ஊர்ல இருக்கறது கஷ்டமா இல்லை. சூடா இருக்கு, பேச்சுத்துணை இருக்கு. காலையில எழுந்ததும் எங்க இருக்கோம்னு ஒரு நிமிஷம் தெரியறதில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படிச்சேன். இன்னொரு தடவையும் படிச்சேன். பதில் எழுத இன்னும் வரலை.

உஸ்தீனியா


ஆங்கரேஜ்
1994 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

நோன்புக்கு முந்தின ஞாயிறு மார்ச் பதின்மூன்று. கோவிலில் எல்லாரும் வரிசையாக நின்று ஒருவர் முன் ஒருவர் குனிந்து மன்னிப்புக் கேட்கும் நாள். சின்ன வயதில் நானும் அண்ணனும் சிரிப்பை அடக்க முடியாமல் அடி வாங்கியிருக்கிறோம். இந்த நகரத்துக்கு வந்த பிறகு அந்த வரிசையில் நான் நின்றதில்லை. வேலை என்று ஏதாவது சாக்கு வந்துவிடும்.

அதைக் கடிதத்தில் கேட்க முடியாது. நேரில் குனிய வேண்டும். விடுப்பு எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கோடியாக் நகருக்கு வந்து, சனிக்கிழமை சின்ன விமானத்தில் ஊருக்கு வருகிறேன். விருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் கோவிலில் இருப்பார்கள். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

வர வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் எழுதுங்கள். பதில் வராவிட்டால் வருவேன்.

மத்ரோனா


கோடியாக் தீவு, ஊரிலிருந்து
1994 மார்ச் 16

மத்ரோனா,

நீ வரலை. உன் மேல தப்பு சொல்லலை. மூணு நாளா மூடுபனி, எங்களுக்கே கோவில் கூரை தெரியலை. நீ கோடியாக் நகர்ல அந்த விமானக் கொட்டகையில உட்கார்ந்தே இருந்ததை ரேடியோவுல சொன்னாங்க. "மத்ரோனா இன்னும் அந்தப் பெஞ்சுலயேதான் இருக்கா, நகரவே மாட்டேங்கறா"ன்னு யாரோ சொன்னதும் ஊரே உச்சுக் கொட்டுச்சு.

நான் வரிசையில நின்னேன். எல்லார் முன்னாடியும் குனிஞ்சேன். பரஸ்கோவியா சித்திக்கு முட்டி மடங்கலை. "குனிஞ்சதா நினைச்சுக்கடி"ன்னா. நினைச்சுக்கிட்டேன்.

உண்மையைச் சொல்லிடறேன். விமானம் வராதுன்னு சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. நீ என் முன்னாடி குனிஞ்சிருந்தா வழக்கப்படி "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கறேன்"னு சொல்லியிருப்பேன். எல்லாரும் கேட்டிருப்பாங்க. அது வாயிலேருந்துதான் வந்திருக்கும். அப்புறம் அந்தச் சொல்லை நான் காலம் முழுக்கத் தூக்கிட்டு அலையணும். என்கிட்ட அந்த மன்னிப்பு இன்னும் இல்லை, மத்ரோனா. தேடிப் பாத்தேன். நீ கெட்டவ இல்லை, எனக்குத் தெரியும். நீ அவ்வளவு தூரம் வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்ததும் தெரியும். தெரிஞ்சும் இல்லை.

மே கடைசியில முகாமைத் திறந்து வலை போடணும். படகுக்கு ரெண்டு பேர் வேணும். ஐவார் ஒரு ஆளை அனுப்பறேங்கறான், நான் இன்னும் சரின்னு சொல்லலை. உனக்கு விடுப்பு மிச்சம் இருந்தா எழுது. அங்க மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம், அதுக்கு நேரம் இருக்காது.

வந்தா படகுல ஏறணும். கரையில நிக்க ஆள் வேண்டாம்.

உஸ்தீனியா